பஞ்சில் ஒட்டிய குங்குமம்

வியாழன், 24 ஏப்ரல்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. மேகம் மட்டும் காட்டிவிட்டு மழை ஏமாற்றுகிறது. நாளை எஸ்டேட் மாரியம்மன் கோயில் திருவிழா. ஸ்டாலுக்கு எடுத்து வைக்க வேண்டியவை:

– கூடாரத் துணி. ஒரு மூலை கிழிசல். அண்ணி தைத்துத் தருகிறேன் என்றார்.
– வி.ஆர். கண்ணாடி இரண்டும். பழையது, புதியது. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது.
– நீட்டு வயர், மேசை, ஸ்டூல்.
– அட்டை: "ஆடுபவரைப் பிடித்துக்கொள்ள ஒருவர் பக்கத்தில் நிற்கவும்." போன வருடம் ஒருத்தன் பேயைக் குத்துகிறேன் என்று கம்பத்தைக் குத்தி விரல் வீங்கிப் போனான்.
– ஈரத்தாள். நிறைய.

ஈரத்தாள் இல்லாமல் இந்தத் தொழில் இல்லை. கண்ணாடி என்று பேர்தான், அது ஒரு பெட்டி. கண்ணை முழுக்க மறைத்து நெற்றியில் அழுந்தி உட்காரும், உள்ளே படம் ஓடும். அழுந்துகிற இடத்தில் கறுப்புப் பஞ்சு. செய்தவனுக்கு நெற்றி என்றால் வெறும் நெற்றி. நம் ஆட்களுக்கு அப்படியா? விபூதி, சந்தனம், குங்குமம் எல்லாம் பூசிக்கொண்டு சாமி கும்பிட்ட கையோடு ஸ்டாலுக்கு வருவார்கள். ஒவ்வொருவர் கழற்றியதும் பஞ்சைத் துடைக்க வேண்டும். தாளில் வெள்ளை, மஞ்சள், சிவப்பு.

சாயங்காலம் அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்து, தேநீரை ஆற்றிக்கொண்டே அதே பழைய பாட்டு.

"போன் மாதிரிதான்டா குமாரு. மொத மொதல்ல போன் வந்தப்ப யாரு வச்சிருந்தா? மொதலாளிங்கதான். இப்ப மீன் விக்கிறவரு கையில ரெண்டு. இதுவும் வரும்லா. வீட்டுக்கு ஒண்ணு."

"போன்ல பேசலாம். இதுல என்னா செய்யறது?"

"பாக்கலாம்டா! உக்காந்த எடத்துல உலகத்த பாக்கலாம்."

மூன்று வருடமாக இதைத்தான் சொல்கிறார். இதை நம்பித்தான் ப.செராய் டவுனில் போன் ரிப்பேர் கடை வேலையை விட்டேன். அன்று பழையதை வாங்கிய விலைக்கு ஒரு செகண்ட்ஹேண்ட் மோட்டார் சைக்கிள் வந்திருக்கும். புதியதற்கு அதில் பாதிகூட ஆகவில்லை. விலை இறங்கித்தான் இருக்கிறது. ஆனாலும் எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டிலும் இது இல்லை, என் வீட்டைத் தவிர.

வெள்ளி, 25 ஏப்ரல்

நல்ல கூட்டம். வெக்கை. கால் கடுக்கிறது.

ஆட வந்தவர்கள் பாதி, விலை கேட்டுவிட்டுப் போனவர்கள் பாதி. ஓர் ஆள் கண்ணாடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கோழி வாங்குகிற மாதிரி. "இப்ப வாங்குனா ரூகிலா, நட்டம். அடுத்த வருஷம் வெல எறங்கி இன்னும் மூராவா கெடைக்கும்." போன வருடமும் இவரேதான் வந்தார். இதையேதான் சொன்னார்.

பெண்கள் கிட்டே வருவதில்லை. வந்தாலும் பிள்ளையை ஆட விட்டுவிட்டுத் தள்ளி நிற்கிறார்கள். ஒரு அக்காவிடம் நீங்களும் பாருங்கள் என்றேன். "தலையில பூ இருக்கு தம்பி, நசுங்கிடும்." இன்னொருவர் கொண்டை என்றார். இன்னொருவர் நெற்றியைத் தொட்டுக் காட்டிச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இதைச் செய்த கம்பெனிக்காரன் ஒருநாள் என் ஸ்டாலில் வந்து உட்கார வேண்டும். ஏன் விற்கவில்லை, விலையா, கனமா, தலைசுற்றலா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறானாம். பூவும் பொட்டும் என்று யார் அவனுக்குச் சொல்வது?

அம்மாவுக்குக் கோபம். கோயிலுக்கு வந்துவிட்டு முகமூடி வியாபாரமா என்று. அம்மாவுக்கு அது முகமூடிதான்.

சனி, 26 ஏப்ரல்

இன்று அண்ணி ஆடினார்!

மூன்று வருடத்தில் முதல் முறை. தாடிகா பாலர் பள்ளியில் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறவர், எனக்கு இதெல்லாம் மயக்கம் வரும் என்று நழுவிக்கொண்டே இருப்பார். அர்ச்சனை முடிந்து அண்ணனோடு ஸ்டாலுக்கு வந்தார். மஞ்சள் சேலை. நெற்றி நிறையக் கோயில் குங்குமம்.

"பொட்டு அழிஞ்சிடாதா தம்பி?"

"அழிஞ்சா மறுபடி வச்சுக்கலாம் அண்ணி."

நான்தான் மாட்டிவிட்டேன். பழையது, அதில்தான் படம் நன்றாக இருக்கும். கடலுக்கு அடியில் போகிற ஆட்டம். அண்ணன் இடது பக்கம் நின்று முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணி முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு கையை நீட்டி மீன்களைத் தொடப் பார்த்தார். "ஐயோ, நழுவுது, நழுவுது." கூட்டம் சேர்ந்துவிட்டது. அந்தப் பெரிய திமிங்கிலம் தலைக்கு மேலே வந்தபோது குனிந்து அண்ணன் தோளில் ஒண்டிக்கொண்டார். அண்ணன் அவர் காதோரம் குனிந்து என்னவோ சொன்னார். உறுமி மேளச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள்.

கழற்றியதும் நெற்றி காலி. எல்லாம் பஞ்சில்.

"அடியே புஷ்பா, பொட்டு எங்க? இரு, உள்ள போயி வாங்கி வச்சு விடறேன்" என்று அண்ணன் திரும்பினார். அப்போதுதான் கோயில் வாசலிலிருந்து அம்மா வந்தார். அண்ணியின் வெறும் நெற்றியையே பார்த்தார். அதற்குள் மழை. சாதாரண மழை இல்லை, கொட்டித் தீர்த்தது. கூடாரம் ஒரு பக்கம் சாய்ந்தது. அண்ணன் ஓடிவந்து கம்பத்தைப் பிடித்தார். கண்ணாடிகளைத் துடைக்கக்கூட நேரமில்லை, அப்படியே பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பெட்டிக்குள். குங்குமத்தை எல்லோரும் மறந்துவிட்டோம்.

நனைந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். நல்ல நாள்தான்.

ஞாயிறு, 27 ஏப்ரல்

கூடாரத் துணியை வேலியில் காயப் போட்டேன். அண்ணி தைத்த இடம் பிரியவில்லை, இன்னொரு மூலை கிழிந்திருக்கிறது. இங்கே ஞாயிறு வேலை நாள், அண்ணி காலையில் ஒட்டுப்பொட்டு வைத்துக்கொண்டு தாடிகாவுக்குப் போனார். பழைய கண்ணாடியின் பஞ்சில் குங்குமம் காய்ந்து கிடக்கிறது. துடைக்க வேண்டும். நாளை.

அண்ணன் போகும்போது சொன்னது: "பாத்தியா, உன் அண்ணியே ஆடிட்டா. இனிமே ஊரே ஆடும்."

செவ்வாய், 29 ஏப்ரல்

மழை. வேலைக்குப் போகிற வழியில் மோட்டார் சறுக்கி அண்ணன் போய்விட்டார்.

சனி, 3 மே

எழுத முடியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

டிவி மேல் துணி போட்டிருக்கிறது. ரேடியோ இல்லை. ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் பத்தவில்லை, பக்கத்து வீட்டில் வாங்கினேன். அண்ணனின் சாப்பாட்டு டப்பாவை யாரோ கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எனக்கு அப்பாவை அவ்வளவாக நினைவில்லை. அண்ணன்தான்.

இன்று அம்மா வாய் திறந்தார். திறக்காமலே இருந்திருக்கலாம்.

"அம்மன் வாசல்லயே பொட்ட அழிச்சிட்டு நின்னாளே. நான் என் கண்ணால பாத்தேனே. மூணே நாளு. எம்புள்ள போயிட்டான்."

துக்கம் கேட்க வந்த பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். அறைக்குள் அண்ணிக்குக் கேட்டிருக்கும். பலகைச் சுவர்.

நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும்: மாட்டிவிட்டது நான். மறுநாளே அவர் பொட்டு வைத்துக்கொண்டார், நான் பார்த்தேன். ரோடு ஈரம், டயர் வழுக்கை, அண்ணன் அவசரமாகப் போனார். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். மடியில் அண்ணனுடைய வேலைச் சட்டை. காலர் அழுக்கைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். நாற்காலி எடுத்துப்போடப் போய்விட்டேன்.

திங்கள், 5 மே

கோயில் கமிட்டிக்காரர் ஒருவரிடமிருந்து போன், வேறு எஸ்டேட். அடுத்த மாதத் திருவிழாவுக்கு ஸ்டால் போடுகிறாயா என்று. அண்ணன் விஷயம் அவருக்குத் தெரியாது.

"வீட்டுல தீட்டு அண்ணே. அண்ணன் தவறிட்டாரு."

"அடடா. சரி தம்பி. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

வைக்கும் முன் கொஞ்சம் தயங்கினார். "தம்பி, தப்பா நெனைக்காத. அந்த வி.ஆர். போட்டா பொம்பளைங்களுக்கு ஆகாதுன்னு பேசிக்கிறாங்களே, என்னா அது?"

அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன். கதை எனக்கு முன்னாலேயே அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது, யார் வீட்டுக் கதை என்பது மட்டும்தான் சேரவில்லை. கண்ணாடியை மாட்டினால் தாலிக்கு ஆகாது! இனி விலை பாதியானாலும், சும்மாவே கொடுத்தாலும், இந்தப் பக்கம் ஒரு பெண் இதைத் தலையில் வைக்கமாட்டாள். கம்பெனிக்காரனால் விலையைத்தான் குறைக்க முடியும்.

அண்ணி நாள் முழுக்கக் கூடாரத்தின் கிழிந்த மூலையைத் தைத்துக்கொண்டிருந்தார், யாரும் கேட்காமலே.

வியாழன், 8 மே

பஸ் பிடித்து அலோர் ஸ்டார். இரண்டையும் விற்றுவிடுவது என்று முடிவு. இது வீட்டில் இருக்கிற வரைக்கும் அம்மாவின் வாய் ஓயாது, அண்ணிக்கும் விடிவில்லை.

பாய் கடையில்தான் பழையதை வாங்கினேன். போன், கேமரா, இப்போது இந்த மாதிரிச் சாமான்களும். அண்ணன் விஷயம் சொன்னதும் கல்லாவை விட்டு இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். தேத்தண்ணி வரவழைத்தார். பிறகு வியாபாரம்.

"புதுசே மூராவா வருது தம்பி. பழசுக்கு என்னா வெல குடுக்கறது?"

"நீங்க பாத்து குடுங்க பாய்."

"ஒன்னு சொல்லட்டா? இத வாங்கிட்டுப் போறவன் ஒரு வாரம் ஆடறான். அப்பறம் அலமாரி மேல. நாலு மாசத்துல என்கிட்டயே கொண்டாறான். ஏன்டா குடுக்கறேன்னா, தனியா இருக்கு பாய்ங்கறான். போன எடுத்தா நாலு பேரு வர்றான். இத மாட்டுனா இருக்கற நாலு பேரும் போயிடறான்."

அண்ணன் இருந்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். எனக்குத் தலையாட்டத்தான் முடிந்தது. ஆனாலும் பாய், என் ஸ்டாலில் அப்படி இல்லை. பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார். சுற்றி நாலு பேர் சிரித்தார்கள். இதை அவரிடம் சொல்லவில்லை, பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது.

புதியதை எடுத்துக்கொண்டார். பழையதைத் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னா, ரத்தமா?"

"குங்குமம்."

"தொடச்சிக் குடு. எடுத்துக்கறேன்." ஈரத்தாள் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

தாளை உருவினேன். இதுவரை எத்தனை பேர் குங்குமத்தைத் துடைத்திருப்பேன், யோசித்தே பார்த்ததில்லை. அந்த இடத்துக்குக் கொண்டுபோனேன். அண்ணன் உயிரோடு இருந்தபோது வைத்த பொட்டு. அண்ணிக்கு மிச்சம் இருப்பது இவ்வளவுதான். என் கையால் எப்படி?

"இது வேணாம் பாய். இருக்கட்டும்."

பாய் தாளை என் கையிலிருந்து வாங்கிக் குப்பையில் போட்டார்.

செவ்வாய், 13 மே

நாளை கருமாதி. ஐயரிடம் பேசியாயிற்று. வாழை இலை, பூசணிக்காய், எள், வெற்றிலை சொல்லியாயிற்று. பெண்டாங்கிலிருந்து அண்ணியின் அண்ணன் வந்திருக்கிறார். வயலும் டிராக்டருமாக இருக்கிறவர், அதிகம் பேசமாட்டார்.

அம்மாவிடம் கேட்டேவிட்டேன். சமையலறையில், வேறு யாரும் இல்லாதபோது.

"அம்மா, அண்ணிக்கு அந்தச் சடங்கெல்லாம் வேணாம்மா. இப்பல்லாம் நெறைய பேரு விட்டுட்டாங்க."

"ஊரு ஒலகத்துல இல்லாததயா செய்யறேன்?"

"மாட்டி விட்டது நான்மா. அவங்க வேணாம்னுதான் சொன்னாங்க."

அம்மா என்னையே பார்த்தார். "நீயும் எம்புள்ள. உன்ன என்னான்னு சொல்லுவேன்?"

பின்னால் அண்ணி நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் தெரியாது.

"விடுங்க தம்பி. அவங்க புள்ள போயிட்டாரு. யாரு மேலயாவது பழிய போடணும்ல."

அம்மாவுக்கும் இது கேட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வெங்காயம் நறுக்கினார்.

புதன், 14 மே

முடிந்தது.

விடிவதற்கு முன்னாலேயே பெண்கள் அண்ணியை அறைக்குள் கூட்டிப் போனார்கள். தலை நிறையப் பூ, கை நிறைய வளையல், பெரிய பொட்டு. கல்யாணப் பெண்ணைப் போல உட்காரவைத்துப் பிறகு எல்லாவற்றையும் எடுப்பார்கள். எடுக்கிறவர்கள் ஏற்கெனவே எடுக்கப்பட்டவர்கள். ஆண்களுக்கு உள்ளே இடமில்லை. வெளியே நின்றேன். வளையல் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

அண்ணி அழுகிற சத்தம் வரவில்லை. அம்மாதான் அழுதார்.

மத்தியானச் சாப்பாட்டின்போது முடிவாகிவிட்டது. அண்ணியின் அண்ணன்: "தங்கச்சிய கூட்டிட்டுப் போறேன் அத்தே. வர்ற சனிக்கெழம." அம்மா சரி என்றார், இரு என்று சொல்லவில்லை. பிள்ளை குட்டி இல்லாத மருமகள், மகனும் போனபிறகு யாருக்கு என்ன? அண்ணியிடம் யாரும் கேட்கவில்லை. நானும்.

அண்ணி போய்விட்டால் இந்த வீட்டில் அண்ணனைப் பற்றி என்னோடு பேச ஆள் இல்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, நான் என்னைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன்.

வெள்ளி, 16 மே

காலையிலிருந்து தூறல். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். ஒரு பெட்டி, ஒரு பை. பதினொரு வருட வாழ்க்கை அதற்குள் அடங்கிவிட்டது. நேற்றே தாடிகாவில் சொல்லிவிட்டு வந்தாராம். பிள்ளைகள் படம் வரைந்து கொடுத்திருக்கிறார்கள், எல்லாப் படத்திலும் அவருக்குப் பெரிய சிவப்புப் பொட்டு. அந்தப் படங்களைப் பெட்டியின் அடியில் வைத்தார்.

சாயங்காலம் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, அந்தக் கண்ணாடிய குடுங்க. பழசு."

"வேணாம் அண்ணி."

"ஏன், பொட்டு அழிஞ்சிடுமா?" விரலால் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "இப்ப அழியறதுக்கு என்னா இருக்கு? குடுங்க."

ஸ்டூலைப் போட்டேன். உட்கார்ந்தார்.

"அன்னிக்கு அந்தப் பெரிய மீனு வந்தப்ப உங்க அண்ணன் காதுல என்னமோ சொன்னாரு. மேளச் சத்தத்துல சரியா கேக்கல. வீட்டுக்குப் போயி கேட்டுக்கலாம்னு விட்டுட்டேன். மழ, துணி காயப் போடறது, மறுநாள் வேலன்னு மறந்தே போச்சு. அந்த எடத்துல போயி நின்னா ஞாபகம் வருமான்னு பாக்கறேன்."

அதே கடல் ஆட்டத்தை ஓடவிட்டேன். மாட்டும்போது பஞ்சில் இருந்த சிவப்பைப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. பெட்டி நெற்றியில் அழுந்தியது. பட்டையை இறுக்கினேன், பூ இல்லாத தலை, எளிதாக உட்கார்ந்தது.

கையை நீட்டவில்லை, மீனைத் தொடவில்லை. அசையாமல் இருந்தார். திமிங்கிலம் வரும் நேரம் எனக்குத் தெரியும், எத்தனை பேருக்கு ஓட்டியிருக்கிறேன். அது வந்தபோது தலையை லேசாகக் குனிந்தார். இடது கை தானாகப் பக்கத்தில் போய்த் துழாவியது. பிடித்துக்கொள்ள ஒருவர் நிற்கவும் என்று அட்டை எழுதியவன் நான். எழுந்து போக முடியவில்லை, அது அண்ணன் நின்ற இடம். கை திரும்பி மடிக்கு வந்தது. தோள் குலுங்கியது. ஆட்டம் முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் கழற்றினார்.

"ஞாபகம் வந்துச்சா அண்ணி?"

"இல்ல. மீனு மட்டும்தான் வந்துச்சு."

கண்ணாடியை நீட்டினார். பஞ்சு முழுக்கக் கண்ணீர், ஊறிப் போயிருந்தது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். ஈரத்தில் கரைந்த குங்குமம் நெற்றியில் திரும்ப ஒட்டியிருந்தது. கோணல்தான், கலைந்ததுதான். ஆனாலும் சிவப்பு. அவருக்குத் தெரியவில்லை.

துடைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். ஈரத்தாள் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை.

"அரிசி கழுவணும்" என்று எழுந்து போனார். கூடத்தைத் தாண்டித்தான் சமையலறை. அங்கே அம்மா, அண்ணன் படத்துக்கு விளக்கேற்றத் தீப்பெட்டியோடு. காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். அண்ணியின் நெற்றியைப் பார்த்தார். கிழித்த குச்சி விரல்வரை எரிந்து அணைந்தது.

கத்தப் போகிறார் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

துடை என்று அம்மாவும் சொல்லவில்லை.